கழிவு போக எண்பது கிலோ

என் எடை எண்பத்து நான்கு கிலோ. வேட்டி, சட்டை, செருப்பு, சாவிக்கொத்து, பையில் கிடக்கும் செல்போன் எல்லாம் சேர்த்து எண்பத்து நான்கு. இன்று காலை கடைத் தராசில் ஏறிப் பார்த்தேன். நேற்றும் பார்த்தேன். போன ஆனி மாதத்திலிருந்து ஒரு நாள் விடாமல் பார்க்கிறேன்.

மூட்டை தூக்கும் ஆட்கள் தொடக்கத்தில் கேலி செய்தார்கள்.

"மொதலாளி இன்னிக்கு என்ன வெலைக்குப் போவாரு?"

"முத்துன சரக்குப்பா. கழிவே பாதி போயிரும்."

நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் ஏறிப் பார்க்கிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. வீட்டில் தெரியும். தெரிந்தாலும் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி. குடியிருப்பது திண்டுக்கல்லில். கல்லூரியில் பௌதிகம் படித்தவன். எடை என்றால் என்ன என்று மூன்று வருஷம் பாடமாகவே படித்துத் தேறியவன். அதன்பின் இருபத்தைந்து வருஷமாகத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். இந்த இரண்டும் சேர்ந்துதான் என்னை ஏமாற்றின என்று நினைத்துக்கொள்வேன். பிறகு, ஏமாற்றியது நான்தானே, படிப்பையும் தராசையும் ஏன் இழுக்கிறேன் என்று தோன்றும்.

கழிவு என்றால் என்னவென்று மார்க்கெட் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு வெங்காய மூட்டை தராசில் ஐம்பத்திரண்டு கிலோ காட்டினால் நாங்கள் ஐம்பது என்று கூவுவோம். சாக்கின் எடை, வெங்காயத்தில் ஒட்டியிருக்கும் மண், ஈரம், லாரியில் போகப்போக வாடிக் குறைவது எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு கிலோ கழிவு. கொண்டுவந்த விவசாயிக்கும் வாங்குகிற வியாபாரிக்கும் அது தெரியும். கண் பார்ப்பது ஒரு எண், வாய் சொல்வது வேறொரு எண். எல்லோருக்கும் தெரிந்தே நடப்பதால் அது எனக்குப் பொய்யாகத் தோன்றியதே இல்லை. சாக்கு வேறு, சரக்கு வேறு. அவ்வளவுதான்.

லாரியிலும் இதே வழக்கம்தான். வண்டியின் தாளில் ஒன்பது டன் என்று இருக்கும். கேரளாவுக்குச் சரக்கு அவசரம் என்றால் அதற்கு மேலும் ஏறும். செய்கிறவன் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிற மாதிரித்தான் செய்திருப்பான் என்று டிரைவர் சொல்வார், நானும் சொல்வேன். வண்டியும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும்.

என் மகள் இந்தத் தராசில் வளர்ந்தவள். எங்களுக்கு ஒரே பிள்ளை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது, கல் வைத்து நிறுக்கும் பழைய தராசில் ஒரு துண்டை விரித்து அவளை உட்காரவைத்து எடை பார்ப்பேன். என் மனைவிக்கு அது பிடிக்காது. யாராவது கேட்டால் ஒன்றரைக் கிலோ குறைத்துச் சொல்வாள்.

"உள்ளதைச் சொன்னாக் கண்ணு பட்டுரும்ங்க. நீங்களும் கொறைச்சே சொல்லுங்க."

நானும் குறைத்தே சொன்னேன். எனக்கு அது கடினமாகவும் இல்லை.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். அவள் பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில் போன காலத்தில் பஸ் நம்பரை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். மழை பெய்தால் பள்ளி வாசலில் போய் நிற்பேன். அப்படிப்பட்டவனிடம் வந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றாள். நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவி சாப்பிட்டாள். "போகட்டுமே. நம்ம ரெண்டு பேரும் எதுலயுமே ஏறாம இங்கதானே கெடக்கோம்" என்றாள்.

பயிற்சிக்கூடம் கொங்குப் பக்கத்தில், பஸ்ஸில் நான்கு மணி நேரம். ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் ஒற்றை ஓடுபாதை, தகரக் கொட்டகை, மாணவர் விடுதி. தினமும் சாயங்காலம் அவள் போன் செய்வாள். "எறங்கிட்டேன்ப்பா" என்ற ஒரே சொல். அது வரும்வரை நான் மண்டிக்கும் டீக்கடைக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

முதல்முறை போனபோது கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் காட்டினாள். இரண்டு பேர் மட்டும் உட்காரும் குட்டி விமானங்கள் சில இருந்தன. ஓரத்தில் நான்கு பேர் உட்காருகிறவை இரண்டு. வெள்ளை உடம்பு, நீலக் கோடு, மேலே நீளமான இறக்கை. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"ரெண்டும் ஒண்ணுதானே பாப்பா?"

"பாக்கத்தான் ஒண்ணு. ஒரே கம்பெனி, ஒரே பேரு. ஆனா நடுவுல இருபது வருசத்துக்கு மேல இருக்கு. அது புதுசு, நூத்தெண்பது குதிரை சக்தி. இது பழசு, நூத்தம்பது. புதுசு ஏத்துற அம்புட்டையும் பழசு ஏத்தாது."

"ஆறு சக்கர லாரி, பத்து சக்கர லாரி மாதிரியா?"

"அதுலயாச்சும் சக்கரத்தை எண்ணிப் பாத்துக்கலாம். இதுல கதவைத் தொறந்து புத்தகத்தை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். ஒரே வருசத்துல செஞ்ச ரெண்டு விமானம் கூட ஒரே எடை இருக்காது. பெயின்ட் அடிச்சா மாறும். புதுசா ஒரு ரேடியோ வச்சா மாறும். அதனால ஒவ்வொண்ணையும் தனித்தனியா நிறுத்து எழுதி வச்சிருப்பாங்க."

"எப்பிடியும் நாலு சீட்டு இருக்குல்ல?"

"சீட்டு நாலு இருக்குன்னு நாலு பேர் ஏறிற முடியாதுப்பா. நாலு பேர் ஏறுனா டேங்குல எண்ணெயைக் கொறைக்கணும். எண்ணெயை நெறைச்சா ஆளைக் கொறைக்கணும்."

"அப்ப எதுக்கு நாலு சீட்டு வச்சிருக்கான்?"

"லாரி டிரைவர் கேக்குற மாதிரியே கேக்குறீங்க" என்று சிரித்தாள்.

அன்று திரும்பிவரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. புரியவில்லை என்று நான் பிறகு சொல்லிக்கொள்ள முடியாது.

அவளுக்கு உரிமம் கிடைத்த பிறகு, போன பங்குனியில், எங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு பறக்க அனுமதி வாங்கினாள். நான், மனைவி, என் அக்கா. அக்கா சேவுகம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். சின்ன வயதில் என் மகள் விடுமுறைக்கெல்லாம் அங்கேதான் கிடப்பாள். பழனி மலையைத் தாண்டி வந்து நம் மார்க்கெட்டை மேலேயிருந்து காட்டிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். போனில் எங்கள் எடையைக் கேட்டாள்.

"இங்க ஒரு மெஷின் இருக்கு, அது ஸ்பிரிங் போயி ஆளுக்கு ஒரு நம்பர் சொல்லுது. உங்க தராசுல போட்டு நீங்களே சொல்லிருங்கப்பா."

ஒரு நாள் மத்தியானம், ஏலம் முடிந்து மண்டி காலியான நேரத்தில், மனைவியையும் அக்காவையும் வரவழைத்தேன். அப்போது எலெக்ட்ரானிக் தராசு வந்துவிட்டிருந்தது. நான் ஏறினேன், எண்பத்து நான்கு. மனைவி எழுபத்தொன்று. அக்கா ஏறியதும் சிவப்பு எண்கள் எழுபத்தெட்டு என்று நின்றன.

"ஏலே, இது பொய் சொல்லுது" என்றாள் அக்கா. "வெங்காயம் நிறுத்து நிறுத்து அதுக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

"நீங்கதான் மதினி நேத்துக் கறிச்சோறு தின்னுட்டு வந்திருக்கீங்க" என்றாள் என் மனைவி.

"நகை, சேலை, செருப்பு எல்லாம் எங்க போகும்? அதெல்லாம் கழிச்சுட்டு எழுதுடா தம்பி. ஆளைத்தானே கேட்டா? துணிக்கடையவா கேட்டா?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மகள் கேட்டது எங்கள் எடையை. சேலையும் செருப்பும் சாக்கு. ஆளுக்கு நாலு கிலோ கழித்தேன். எண்பது, அறுபத்தேழு, எழுபத்து நான்கு. அன்று சாயங்காலம் போனில் அப்படியே சொன்னேன்.

"கரெக்டாப்பா?"

"நான் போட்ட எடை என்னிக்கு மாறியிருக்கு?"

"அதைத்தான் எங்க சார்ட்டயும் சொன்னேன். எங்கப்பா எடை போடுறவரு சார், அவரு சொன்னா கிராம் மாறாதுன்னு."

அந்தச் சொல் எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது ராத்திரி படுத்தால் முதலில் வருவது அந்தச் சொல்தான்.

போகிற அன்று விடிகாலையில் கிளம்பினோம். பிள்ளையைப் பார்க்கக் கையை வீசிக்கொண்டு போவதாவது என்று விடுதிச் சமையலுக்காக ஒரு கட்டைப்பை நிறையச் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் கட்டி எடுத்துக்கொண்டேன். அக்கா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

நாங்கள் விடுதிக்குப் போகாமல் நேராக ஓடுபாதைக்கே போய்விட்டோம். மகள் கையில் ஒரு தாளோடு நின்றாள். முகம் கொஞ்சம் சுருங்கியிருந்தது.

"அப்பா, புதுசுல பிரேக் வேலை நடக்குது. இன்னிக்குப் பழசுதான். அதுல ஆளு, எண்ணெய், சாமான் எல்லாம் சேத்து முன்னூத்தம்பது கிலோதான் ஏத்தலாம். எண்ணெயைக் கொறைச்சுப் போட்டிருக்கேன். பை ஏதும் இருக்கா?"

"அம்மா கைப்பை இருக்கு. ரெண்டு கிலோ இருக்கும்." வெங்காயப் பை கீழேதானே இருக்கப்போகிறது என்று அதைச் சொல்லவில்லை.

அவள் கூட்டிப் பார்த்தாள். "முன்னூத்து நாப்பத்தொம்போது." பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சொன்ன எடை சரிதானே?"

இதை நினைக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு நான் பலமுறை எழுந்து நடந்திருக்கிறேன். அப்போது எனக்கு நினைவு வந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஆளுக்கு நாலு, மூணு பேருக்குப் பன்னிரண்டு என்று மனசுக்குள் ஓடியது. சொன்னால் ஒருவரை இறக்கிவிட வேண்டும். அக்காவின் பட்டுச்சேலை தெரிந்தது. மனைவி மல்லிகைப் பூவை மகளுக்கு வைக்க வேண்டும் என்று கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். முன்னூற்றைம்பது என்று எழுதியிருந்தால் முன்னூற்றெழுபது தாங்காமலா செய்திருப்பான் என்று தோன்றியது.

"சரிதான் பாப்பா" என்றேன்.

அவள் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு இறக்கைக்கு அடியில் குனிந்து, எண்ணெயைக் கொஞ்சம் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அந்த நேரத்தில் மனைவியும் அக்காவும் பின்சீட்டில் ஏறினார்கள். நான் கட்டைப்பையைக் கொட்டகைச் சுவரோரம் வைத்துவிட்டு வரத் திரும்பினேன்.

"அங்க வைக்காதடா. மாடு சுத்துது, வாய் வச்சிரும். இங்க குடு, காலுக்கடியில வச்சுக்கிறேன்" என்றாள் பின்சீட்டிலிருந்த அக்கா.

கொடுத்தேன். அக்கா முந்தானையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். மகள் வந்து ஒவ்வொருவருக்கும் பெல்ட் மாட்டிவிட்டாள். அத்தையின் சேலை கதவில் சிக்கிவிடக் கூடாது என்று அந்த முந்தானையைத் தொட்டு உள்ளே ஒதுக்கினாள். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஓடுபாதையின் முனைக்குப் போய்த் திரும்பி நின்றோம். நல்ல வெயில். கண்ணாடிக்குள் புழுங்கியது. மகள் என் பக்கம் திரும்பி, பின்னால் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"பாதையோரத்துல வெள்ளையடிச்ச கல்லு தெரியுதா? நாம அதைத் தாண்டுறதுக்குள்ள வேகம் காட்டுற இந்த முள்ளு இந்தக் கோட்டுக்கு வரணும். வரலைன்னா நிறுத்திருவேன். நிறுத்துனா பயப்படாதீங்க."

"எல்லாம் வரும், நீ ஓட்டு" என்றாள் அக்கா.

சத்தம் கூடியது. முதுகு சீட்டோடு அழுந்தியது. நான் வெளியே பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் முள்ளையும் எண்களையும் பார்த்தவன். அது ஏறியது. ஆனால் ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு ஏறுகிற ஆள் மாதிரி ஏறியது. கோட்டுக்கு இன்னும் இரண்டு விரல்கடை இருக்கும்போது வெள்ளைக்கல் என் ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போயிற்று.

அவள் கை ஒரு நொடியும் தயங்கவில்லை. நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தாள். சத்தம் செத்தது. டயர்கள் கிறீச்சிட்டன. நான் முன்னால் சாய்ந்து கைகளை ஊன்றிக்கொண்டேன். பாதை முடிகிற இடத்தில் முள்வேலியும் அதற்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளும் பெரிதாகிக்கொண்டே வந்தன. பிறகு நின்றோம். ஆடு ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது.

"வந்துருச்சா?" என்றாள் அக்கா.

"இல்லத்தை. திரும்பிப் போறோம்." மகளின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ரேடியோவில் ஏதோ சொன்னாள்.

கொட்டகைக்கு வந்து இறங்கியதும் மெக்கானிக் ஓடிவந்தார். எங்களை நிழலில் உட்காரச் சொன்னார்கள். மனைவியும் அக்காவும் உட்கார்ந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தேன். மறுபடி குழாயடிக்குப் போனேன்.

மெக்கானிக் எஞ்சின் மூடியைக் கழற்றத் தொடங்கியிருந்தார். மகள் அவர் பக்கத்தில் நின்று தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"ஏனுங்க பாப்பா, உச்சி வெயிலுங்க. பழசு கொஞ்சம் இழுக்கத்தானுங்க செய்யும்."

"வெயிலையும் கணக்குல சேத்திருக்கேண்ணே. அதுக்கப்புறமும் கல்லுக்கு நல்லா முன்னாடியே வந்திருக்கணும்."

"எஞ்சின்ல ஒண்ணும் தெரியலைங்களே."

"அப்ப நான்தான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன். நெம்புகோலை முழுசாத் தள்ளலையோ. பிரேக்குல கால் பட்டுக்கிட்டே இருந்துச்சோ." தன் காலைத் தானே குனிந்து பார்த்தாள்.

இதை நான் பத்தடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மெக்கானிக் ஒவ்வொரு திருகாகக் கழற்றித் துணியில் வைத்தார். அவள் ஒவ்வொரு தப்பாகத் தன்மேல் வைத்துப் பார்த்தாள். எத்தனை நேரம் நான் அப்படி நின்றேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பத்து நிமிஷம் இருக்கலாம். விமானம் நின்றதை நினைத்தால் எனக்குப் பயமில்லை, அது அவள் கையில் இருந்தது. நான் நின்ற அந்தப் பத்து நிமிஷம்தான் இன்றும் என்னை ராத்திரியில் எழுப்பி நடக்கவைக்கிறது.

அவள் மெக்கானிக்கிடம், "நான் இன்னும் கொஞ்ச நாள் தனியா ஓட்டிட்டு அப்புறமா ஆளை ஏத்தியிருக்கணும்ணே. எனக்குக் கை பத்தலை" என்றாள்.

அப்போதுதான் போனேன்.

"பாப்பா, நான் கழிவு போகத்தான் சொன்னேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மண்டியில் வளர்ந்த பிள்ளைக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

"எவ்வளவு?"

"ஆளுக்கு நாலு."

"எதுக்குக் கழிச்சீங்க?"

"சேலை, செருப்பு..."

"சேலையைக் கழட்டி வச்சுட்டா அத்தை ஏறுனாங்க?"

நிழலில் இருந்த அக்கா, "அடியே" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"வேற?"

"பை. வெங்காயப் பை. பின்சீட்டுல, அக்கா காலுக்கடியில வச்சிருந்தோம். கைப்பையும் சேத்துப் பதினாலு இருக்கும்."

"நான் ரெண்டுன்னு போட்டிருக்கேன்." தாளில் அதன் பக்கத்தில் எழுதினாள். "இருபத்துநாலு கிலோ."

அரை மூட்டை வெங்காயம் என்று என் மனசு தானாகச் சொல்லிக்கொண்டது. மூட்டை தூக்குகிறவர் ஒரு கையால் இழுத்துப் போடுகிற எடை.

"அதுலயும் பின்னாடி" என்றாள். "எவ்வளவுங்கிறது மட்டும் இல்லப்பா, எங்கங்கிறதும் இருக்கு. பின்னாடி கூடுனா மூக்கு தூக்கும்."

அது எனக்குத் தெரியும். பின்பாரம் கூடிய லாரி மலை ஏறும்போது முன்சக்கரம் பிடிப்பில்லாமல் மிதப்பதை எத்தனை டிரைவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானே ஆட்களை அதட்டி மூட்டைகளை முன்னால் தள்ளி அடுக்கவைத்திருக்கிறேன்.

"அந்தக் கல்லுல நிறுத்தாம மேல போயிருந்தா?" என்று கேட்டேன்.

அவள் "மூடியைப் போட்டுருங்கண்ணே" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுப் பயிற்சியாளரின் அறைக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

பயிற்சியாளர் நரைத்த மீசைக்காரர், கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"எடை யாரு போட்டது?"

"நான் போடலை சார். கேட்டு எழுதுனேன்."

"சார், தப்பு என்னோடது" என்றேன். "பிள்ளை திருப்பித் திருப்பிக் கேட்டுச்சு. நான்தான் கொறைச்சுச் சொல்லிட்டேன்."

"இருக்கலாமுங்க. ஆனா தாள்ல இருக்கற கையெழுத்து உங்களுதில்லீங்களே." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "கல்லுல நிறுத்துனது சரி. அதுக்காகத்தான் ஒரு மாசத்தோட விடறேன். ஒரு மாசத்துக்கு ஆளு யாரையும் ஏத்த வேண்டாம்."

"சரிங்க சார்" என்றாள்.

வெளியே வந்து என்னோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெங்காயப் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டே வந்தாள், விடுதியில் கொடுப்பதற்காக. வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், தரவில்லை.

பஸ்ஸில் அக்கா தாராபுரம்வரை சேலை மடிப்பை நீவிக்கொண்டே வந்தாள். பிறகு, "ஏன்டா தம்பி, நான் கழிச்சுச் சொல்லுன்னா நீ படிச்சவன்தானே, வாயில என்ன வச்சிருந்த?" என்றாள். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். வாடிப்போன பூவை இன்னும் கையில் வைத்திருந்தாள். ஒட்டன்சத்திரம் நெருங்கும்போது ஒன்று சொன்னாள்.

"அவ சின்னதுல கொறைச்சுச் சொல்லுங்கன்னு உங்களைப் பழக்குனது நான்தாங்க."

அப்படி இல்லை என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஒரு மாதம் மகள் தனியாகப் பறந்தாள். சாயங்காலம் போன் வரும். "எறங்கிட்டேன்ப்பா." முன்பு அதற்குப் பிறகு சாப்பாடு, வெயில், கூடப் படிக்கிற பிள்ளைகள் என்று ஏதாவது சொல்வாள். இப்போது வைத்துவிடுவாள். நான் கையில் போனை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் நடப்பேன்.

மண்டியில் என் வாய் தடுமாறியது. ஐம்பத்திரண்டு காட்டும் மூட்டைக்கு ஐம்பது என்று கூவ வரவில்லை. "தராசு ஐம்பத்திரண்டு, கழிவு ரெண்டு, ஐம்பது" என்று மூன்றையும் சொல்லத் தொடங்கினேன்.

"ஏனுங்க, எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார் கள்ளிமந்தயம் பக்கத்து விவசாயி ஒருவர். "இப்படிச் சொல்லிட்டிருந்தா ஏலம் எப்பங்க முடியறது?"

ஏலம் தாமதமாகத்தான் முடிந்தது. இன்றும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனியில் ஒரு நாள் போன் செய்தாள். "மூணு பேரும் வாங்க. எடை சொல்ல வேண்டாம்."

கொட்டகை வாசலில் புதிதாக ஒரு தராசு இருந்தது. எங்கள் மண்டியில் இருப்பது மாதிரியே, சிவப்பு எண்கள். அவள்தான் கேட்டு வைக்கச் செய்தாளாம். ஒவ்வொருவராக ஏறச் சொன்னாள், செருப்போடு, கையில் இருப்பதோடு. அக்கா இந்தமுறை நூல்சேலைதான் கட்டியிருந்தாள். நான் ஏறியபோது மகள் எண்ணைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

அன்றும் பழசுதான் காலியாக இருந்தது. அவள் கூட்டிப் பார்த்தாள்.

"ஒம்போது கிலோ கூட வருது. அப்பா, நீங்க எறங்கிக்கங்க."

லாரியில் ஏறிவிட்ட மூட்டையை இறக்கச் சொல்கிற அதே குரல். என் குரல்தான் அது. நான் சட்டென்று விலகி நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கால் லேசானது.

வேலியோரம் போய் நின்றேன். பழசு ஓடிவந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, வெள்ளைக்கல்லைப் பார்த்தேன். கல்லுக்கு நன்றாக முன்னாலேயே சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அது கிழக்கே திரும்பிச் சின்னதாகி மறைந்தது. பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வேலிக்கும் குழாயடிக்கும் எத்தனைமுறை நடந்தேன் என்று மெக்கானிக்குக்குத்தான் தெரியும். "உக்காருங்க, வந்துருவாங்க" என்று மூன்றுமுறை சொன்னார்.

இறங்கியதும் அக்கா என்னிடம் வந்து, "நம்ம மார்க்கெட்டு கோலம் போட்ட மாதிரி இருந்துச்சுடா. உன் கடை எதுன்னே தெரியலை" என்றாள். மனைவி என் கையை ஒருமுறை பிடித்துவிட்டு விட்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

மகள் கையில் புதுத் தாளோடு வந்தாள்.

"இப்ப நீங்க வாங்க. ரெண்டு பேரு மட்டும்தான். செத்த நேரம் சுத்திட்டு வந்துருவோம். தராசுல ஏறுங்க."

"இப்பத்தானே போட்ட?"

"நடுவுல எம்புட்டுத் தண்ணி குடிச்சீங்கன்னு அந்த அண்ணன் சொன்னாரு."

அவள் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமல் இருக்கவும் இல்லை. நான் ஏறினேன். சிவப்பு எண்கள் மேலும் கீழும் ஓடி நின்றன. அவள் தராசின் பக்கம் வராமல், நான்கு எட்டுத் தள்ளி, முதுகைப் பாதிக் காட்டிக்கொண்டு, பென்சிலைத் தாளில் வைத்தபடி நின்றாள்.

"எவ்வளவுப்பா?"

மூட்டை மூட்டையாக எண்களைக் கூவியவனுக்கு அந்த ஓர் எண்ணைச் சொல்லுமுன் தராசை இரண்டாம்முறை பார்க்க வேண்டியிருந்தது.

"எண்பத்து நாலு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

அதனால்தான் தினமும் ஏறிப் பார்க்கிறேன். அவள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். எந்த நாள் போனில் கேட்பாள் என்று தெரியாது.